‘என்னைப் புதைச்சிரு’ வழக்கு

நாட்டில் வன்முறை பெருகிவிட்டதாகப் பெய்ரூட்டில் ஒரு மாநாடு கூடி முடிவு செய்தது. முடிவு செய்தவர்களில் பாதிப்பேர் அதைப் பெருக்கியவர்கள் என்பதால் தகவல் சரியாகத்தான் இருக்க வேண்டும். மாநாட்டின் கடைசி மதியம், பொரித்த ஆட்டுக்குட்டிக்கும் பழத்தட்டுக்கும் நடுவே, மென்சொல் ஆணையம் பிறந்தது. டாக்டர் லபீப் அதன் தலைவரானார். அவர் எதில் டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது மென்சொல் ஆகாது.

ஆணையம் முதலில் கைவைத்தது மீனா துறைமுகத்தில் அபூ ஃபவ்வாஸின் காப்பிக்கடையில். சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை ஆணியடித்து மாட்டினார்கள். பெயர் ‘செவி’. வெளிநாட்டில் செய்தது. நல்ல பேச்சு கேட்டால் அதன் விளக்கு பச்சையாக எரியும். வன்முறைப் பேச்சு கேட்டால் சிவப்பு. ஊரில் மின்சாரம் போனபிறகும் அது எரிந்தது. அரசாங்கம் மாட்டிய ஒன்று எரிவதை நாங்கள் பார்ப்பது அதுவே முதல்முறை என்பதால் கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது.

திறப்புவிழாவுக்கு டாக்டர் லபீப்பே வந்து பேசினார்.

“குடிமக்களே, புதிய தொழில்நுட்பம், அறிவியல் செய்திகள், குடிமக்கள் உரிமை ஆகியவை பற்றி நீங்கள் போகிறபோக்கில் சொல்லும் கருத்துகளை அறிய அரசு விரும்புகிறது. தயங்காமல் பேசுங்கள். வன்முறை நாக்கில் பிறக்கிறது. கை வெறும் கடைநிலை ஊழியர், சொன்னதைச் செய்கிறது. ஆகவே நாங்கள் கையை விட்டுவிட்டோம், நாக்கைப் பிடித்திருக்கிறோம். மௌனமாக இருக்கும் உரிமை உங்கள் எல்லோருக்கும் உண்டு. தேவைப்பட்டால் அதைக் கட்டாயமாக்கவும் ஆணையம் தயங்காது.”

அவருக்குப் பின்னால் நின்ற அதிகாரி ஸல்லூம், பேச்சு முடியும்வரை தன் விரல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கிக்கொண்டிருந்தார். கடப்பாரைக்குக் கைப்பிடி போட்டதுபோல விரல்கள்.

கருத்து சொல்லுங்கள் என்று அரசாங்கம் கேட்டு எங்களுக்குப் பழக்கமில்லை. ஆனாலும் சொன்னோம். எங்கோ விஞ்ஞானிகள் கிழட்டு எலியை இளைஞனாக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது, எங்கள் துறைமுகத்து எலிகளுக்கு அந்தச் சிகிச்சை தேவையில்லை, அவை பூனையைக் கட்டிக்கொள்ளும் நிலையில் இருக்கின்றன என்று கருத்து தெரிவிக்கப்பட்டது. எந்திரம் யோசிக்கும் என்றபோது, அதற்கு மின்சாரம் வேண்டுமே, இங்கே வந்தால் யோசிப்பதைவிடக் காத்திருப்பதை நன்றாகக் கற்றுக்கொள்ளும் என்றார்கள். தாய் தன் குடியுரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாத சட்டத்தைப் பற்றி, மூக்கைக் கொடுக்கலாம், முன்கோபத்தைக் கொடுக்கலாம், இதைக் கொடுத்தால் மட்டும் நாடு மூழ்கிவிடுமா என்று அபூ ஃபவ்வாஸ் கேட்டார். எல்லாவற்றுக்கும் விளக்கு பச்சையாகவே எரிந்தது. செவி எங்களை விரும்புகிறது என்றுகூட நினைத்தோம்.

சோபாவுக்கு மெத்தை தைக்கும் ரஷாத் அந்தக் கூட்டத்தில் அதிகம் பேசாதவர். வாயில் எப்போதும் நாலைந்து குண்டூசி வைத்திருப்பார். மனைவி போன பிறகு அவருக்கு எஞ்சியது விஸால் என்ற ஒரே மகள். கடைத்தெருவில் கைபேசி பழுதுபார்ப்பவள். அவளை வைத்தே ஊர் அவரை ‘அபூ விஸால்’, விஸாலின் அப்பா, என்று கூப்பிட்டது.

ஒரு மழை மதியம் அவள் அவருடைய கம்பளிச் சால்வையை எடுத்துக்கொண்டு காப்பிக்கடைக்கு ஓடிவந்தாள். அவர் ஊசிகளைத் துப்பிவிட்டு, “மழையிலயா வந்தே? என்னைப் புதைச்சிரு, பாபா” என்றார்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைக் கொஞ்சுவது இப்படித்தான். தக்புர்னி, என்னைப் புதைச்சிரு. நீ போய் நான் இருக்கும் நாள் வேண்டாம், நான் முந்திக்கொள்கிறேன் என்பதன் சுருக்கம். அப்பன் பிள்ளையை ‘பாபா’ என்று கூப்பிடுவதும், பிள்ளை அப்பனை ‘பாபா’ என்று கூப்பிடுவதும் எங்களுக்கு ஒன்றுதான். எங்கள் ஊரில் அந்தச் சொல் காப்பியைவிட அதிகமாகப் புழங்கும். அதற்கு முன்பு செவியின் முன்னால் யாரும் சொல்லாமல் போனது, பிள்ளைகள் அங்கே வராததால்தான்.

விளக்கு சிவந்தது.

ஆணையத்தின் வண்டி தெருமுனையிலேயே நின்றிருக்கிறது. கதவைத் திறக்காமலே உள்ளே வந்தார்கள். கதவும் கூடவே வந்தது. “மதிப்பிற்குரியவர்களே, இடையூறுக்கு வருந்துகிறோம்” என்று சொல்லிக்கொண்டே மேசைகளைக் கவிழ்த்தார்கள். ஹுக்காவின் கங்குத்தட்டில் ஒருவர் முகம் அழுத்தப்பட்டது. “மன்னிக்கவும், தங்கள் கை என் வழியில் உள்ளது” என்றார் ஸல்லூம், குறுக்கே கை நீட்டிய அபூ ஃபவ்வாஸிடம். பிறகு அந்தக் கையைக் கல்லாப்பெட்டியின் விளிம்பில் வைத்து முறித்து வழியிலிருந்து அகற்றினார். விஸாலைத் தலைமுடியைப் பிடித்துத் தெருவரை இழுத்துப்போய் வண்டியில் ஏற்றினார்கள். இத்தனைக்கும் செவி பச்சைக்குத் திரும்பிவிட்டது. அதற்குக் கேட்கத்தான் தெரியும். கேட்டதெல்லாம் பண்பான பேச்சு.

மறுநாள் ரஷாத் ஆணையத்துக்குப் போனார். வாசலில் பெயரைச் சொன்னதும் அவரைக் குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவில் உட்காரவைத்தார்கள். அறுபது வயதுக்காரருக்கு முழங்கால் மோவாயில் இடிக்கும் உயரத்தில் ஒரு சிவப்பு நாற்காலி. கையில் ஒரு பலூன். சுவரில் செவி. காரணம் புரியாமல் அவர் பலூனைப் பிடித்துக்கொண்டிருக்க, டாக்டர் லபீப் வந்து அவர் தலையைத் தடவிக்கொடுத்தார்.

“அஞ்ச வேண்டாம். தங்களைக் கொலை செய்யத் தங்கள் தந்தை ஏன் திட்டமிட்டார்?”

“எங்கப்பா செத்து ரொம்ப வருஷம் ஆச்சு, டாக்டர்.”

“இறந்த பிறகும் திட்டமிட்டார் என்றால் குற்றம் இன்னும் கடுமையானது.”

ரஷாத் பலூனைக் கீழே வைத்தார். “விஸால் என் பொண்ணு. நான்தான் அவளுக்கு அப்பா.”

“தாங்கள் அவரை ‘பாபா’ என்று அழைத்ததைச் செவி கேட்டிருக்கிறது. செவி முப்பது மொழிகள் படித்தது. தாங்கள்?”

“ஒண்ணுதான்.”

“அதையும் வன்முறையாகப் பேசுகிறீர்கள்.”

ரஷாத் விளக்கப் பார்த்தார். அது கொஞ்சல், டாக்டர், ஊர் முழுக்க அப்படித்தான் சொல்லும், உங்க அம்மா உங்களச் சொல்லலையா என்றெல்லாம் கேட்டார். ஒவ்வொரு முறையும் உதாரணத்துக்காக அந்தச் சொல்லைச் சொன்னார். ஒவ்வொரு முறையும் விளக்கு சிவந்தது. குழந்தைகள் பிரிவில் யாரையும் அடிக்க விதிகள் அனுமதிப்பதில்லை. ஆகவே சிவக்கும்போதெல்லாம் ஸல்லூம் அவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் அடித்துவிட்டு, மூக்கைத் துடைத்து, மறுபடி சின்ன நாற்காலியில் கொண்டுவந்து உட்காரவைத்தார். மூன்றாவது தடவை திரும்பியபோது முன்பல் வராந்தாவிலேயே தங்கிவிட்டது. பல் போன பிறகு அந்தச் சொல் அவர் வாயில் வேறு மாதிரி ஒலித்தது. செவி அப்போதும் அதைக் கண்டுபிடித்ததில் டாக்டர் லபீப்புக்குப் பெருமை.

“பாருங்கள், எந்த உச்சரிப்பையும் விடாது. தொழில்நுட்பம் யாரிடமும் பாகுபாடு காட்டுவதில்லை. இதைவிடப் பெரிய குடிமக்கள் உரிமை என்ன இருக்கிறது?”

கடைசியில் ஒரு வழி சொன்னார். வரும் வியாழக்கிழமை அப்பாவையும் மகளையும் செவியின் முன் உட்காரவைப்பார்கள். ஆணையம் தரும் தலைப்புகளைப் பற்றி இருவரும் பேச வேண்டும். மேசையில் வைத்த காப்பி ஆறும்வரை விளக்கு பச்சையாக இருந்தால் விஸால் வீட்டுக்குப் போகலாம். ஒருதடவை சிவந்தாலும் அவளை மலைமேல் இருக்கும் சிறைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போனவர்களைப் பற்றி யாரும் போகிறபோக்கில்கூடக் கருத்து சொல்வதில்லை.

ரஷாத் காப்பிக்கடையில் பழகத் தொடங்கினார். கையில் மாவுக்கட்டோடு அபூ ஃபவ்வாஸ் விஸாலாக எதிரே உட்கார்ந்தார். ரஷாத் நன்றாகவே பேசினார். அதுதான் தப்பாகப் போயிற்று. பாராட்டுவதற்கு எங்களிடம் மென்சொல்லே கிடையாது. “உன் வீடு இடிய, என்னமா பேசறே” என்றார் பக்கத்து மேசைக்காரர். வண்டி வந்தது, அவருடைய விலா எலும்புகள் போயின. அவரைத் தாங்கிப்பிடித்த மருமகன், “மாமா, என் கல்லறைல நீங்கதான் தழை செருகணும், எந்திரிங்க” என்று அழுதான். அதுவும் எங்கள் பக்கத்துக் கொஞ்சல்தான். வண்டி இன்னும் கிளம்பாமல் இருந்ததால் அவனுக்காகத் தனியாக வர வேண்டிய சிரமம் இல்லை. அவனுக்கு ஒரு காது கேட்காமல் போயிற்று. மாமாவை, மருமகனுக்குக் கல்லறை தயார் செய்தவர் என்று பிடித்துக்கொண்டு போனார்கள்.

அதன்பிறகு அபூ ஃபவ்வாஸும் ரஷாத்தும் படகில் ஏறி, கரை தெரியாத தூரம் போய்ப் பழகினார்கள்.

“டிவில செய்தி வாசிக்கிறவன் மாதிரி பேசு, அபூ விஸால். எத்தன சாவு வாசிக்கிறான், ஒரு தடவ குரல் நடுங்குதா அவனுக்கு?”

“அவனுக்கு அதெல்லாம் யாரோ. இவ என் புள்ள.”

“வியாழக்கிழமை மட்டும் இவளும் யாரோதான். அப்படி நெனச்சுக்கோ. இல்லேன்னா மலைக்குப் போயிடுவா.”

ரஷாத் கடலைப் பார்த்து, “குடிமகளே, நற்காலை” என்றார். பிறகு படகின் ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்தார். கடல் அன்று அமைதியாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை வந்தது. இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தார்கள். நடுவில் காப்பி. விஸாலின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கீழுதடு கிழிந்து, நூல் வரிசை தவறிப் போட்ட தையல். யாரோ அவசரத்தில் தைத்திருக்கிறார்கள். ரஷாத்தின் கை, ஊசி தேடுவதுபோல மேசைமேல் அசைந்தது. வாயைத் திறந்தார். மூடினார். பிறகு தொண்டையைச் செருமி, “குடிமகளே, நற்காலை” என்றார்.

பச்சை.

டாக்டர் லபீப் முதல் தலைப்பைத் தந்தார்: எந்திர அறுவை மருத்துவர்.

“எந்திர மருத்துவரின் கை நடுங்காது எனக் கேள்விப்பட்டேன். வரவேற்கத்தக்க முன்னேற்றம்” என்றார் ரஷாத்.

விஸால் திறந்திருந்த ஒரு கண்ணால் அவரையே பார்த்தாள். “பாபா, உங்க பல்லு எங்க?”

“பற்களை மீண்டும் முளைக்கவைக்கும் ஆய்வு நடந்துவருவதாக அறிவியல் செய்திகள் தெரிவிக்கின்றன. நம்பிக்கையோடு இருப்போம்.”

“யார் அடிச்சா?”

“படிகளில் தவறி விழும் உரிமை குடிமக்கள் அனைவருக்கும் சமம்.”

டாக்டர் லபீப் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த அளவு பண்பாட்டை அவர் தன் துறையிலேயே பார்த்ததில்லை. ஸல்லூமிடம், ஒரு மனிதனைச் சில நாட்களில் இவ்வளவு மேம்படுத்த முடியும் என்பதற்கு இவரை வெளிநாட்டு விருந்தினருக்குக் காட்டலாம் என்று மெல்லச் சொன்னார். காப்பியைத் தொட்டுப் பார்த்தார். ஆறியிருந்தது.

“முதல் வழக்கு பச்சையில் முடிந்தது. கைதி விடுதலை” என்று அறிவித்தார்.

ரஷாத் அப்போதும் செய்தி வாசிப்பவர் முகத்தோடு, முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை விஸாலால் தாங்க முடியவில்லை. அடி வாங்கிய நாட்களில் அழாதவள் மேசையைத் தாண்டி விழுந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“உங்கள என்ன பண்ணிட்டாங்க? பேசுங்க பாபா. என்னைப் புதைச்சிருங்க, ஒரு வார்த்தை பேசுங்க.”

வேண்டுமென்று சொல்லவில்லை. அப்பாவிடமிருந்து கேட்டுக் கேட்டு வளர்ந்தது, வந்துவிட்டது.

விளக்கு சிவந்தது. டாக்டர் லபீப் குழம்பவில்லை. குழம்புவது அவர் பணியில் இல்லை. “இரண்டாவது வழக்கு தொடங்குகிறது. இப்போது மகளைப் புதைக்க இருப்பவர் இவர். அவரும் பாபா, இவரும் பாபா. ஒருவருக்கொருவர் தந்தையாக இருக்கும் ஆபத்தான குடும்பம். பாதிக்கப்பட்டவரைப் பாதுகாப்பாக வெளியேற்றுங்கள்.”

பாதிக்கப்பட்டவரை மயிரைப் பிடித்துப் பாதுகாப்பாக வெளியேற்றினார்கள். நான் சொன்னதை அழிச்சிடுங்க, என்னையே வெச்சுக்கங்க, அவர விடுங்க என்று அவள் கதவுச்சட்டத்தைப் பற்றிக்கொண்டாள். விரல்மேல் கதவைச் சாத்தினார்கள். ரஷாத்துக்கு அவள் அலறல் கேட்டது. பிறகு அவள் தெருவில் நிற்கிறாள் என்பதும் புரிந்தது. முன்பல் போன வாயால் சிரித்தார். ஸல்லூம் அந்தச் சிரிப்பைத் தனக்கானது என்று எடுத்துக்கொண்டார்.

கீழ்த்தளத்துக்குப் போகும் படிகளில் அவரை உருட்டினார்கள். வயிற்றில், முதுகில், மெத்தை தைக்கும் விரல்களில் மிதித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் அந்தச் சொல் அவர் தொண்டைவரை வந்தது. வலிக்கும்போது மனிதன் யாரைக் கூப்பிடுவானோ அவளைத்தான் கூப்பிட வந்தது. படிக்கட்டுச் சுவரிலும் செவி இருந்தது. சொன்னால் அவளைத் திரும்பப் பிடித்துவருவார்கள். ரஷாத் தன் முஷ்டியை வாய்க்குள் திணித்து, எஞ்சிய பற்களால் கடித்துக்கொண்டார். எலும்பு தெரியும்வரை கடித்திருந்தார் என்று பிறகு சொன்னார்கள். கடைசிப்படிவரை விளக்கு பச்சையாகவே இருந்தது.

கீழே பெரிய அறை. உள்ளே இருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

“உங்கள யாரு சொன்னா?” என்று ஒரு கிழவி கேட்டாள். அங்கே பேர் கேட்கும் வழக்கமில்லை, இதைத்தான் கேட்டார்கள்.

“என் பொண்ணு.”

“என்னை என் பேரன் சொன்னான். நல்ல பையன்.”

ரஷாத் சுற்றிலும் பார்த்தார். காப்பிக்கடையின் பக்கத்து மேசைக்காரர் விலாவைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். கல்யாணமாகி ஒரு வாரமான ஒரு பெண், மருதாணி அழியாத கையோடு; புருஷன் சொன்னானாம். வகுப்பே சேர்ந்து சொன்ன ஒரு பள்ளிக்கூட டீச்சர். மூலையில் ஒரு தாயின் மடியில் தவழும் வயதுப் பெண்குழந்தை. உள்ளே இருப்பதிலேயே கொடிய கைதி அதுதான். பெரியம்மாக்கள், சித்திகள், மாமன்கள் என்று ஒரு குடும்பத்தையே புதைக்க இருந்ததாக அதன்மேல் வழக்கு. அதன் காலில் சங்கிலி மாட்டியிருந்தார்கள். சின்ன அளவில் இல்லாததால் சங்கிலி கழன்று கழன்று விழ, அது எடுத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தது. ஊரைக் கொன்று குவித்தவர்கள், தெருக்களைக் கொளுத்தியவர்கள், கட்சிக்காரர்கள், அவர்களில் ஒருவரையும் அங்கே காணோம். அவர்களிடம் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை போலிருக்கிறது.

மறுநாள் டாக்டர் லபீப் வெளிநாட்டு விருந்தினர் இருவரோடு பார்வையிட வந்தார். கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று பேசினார்.

“நகரம் இப்போது பாதுகாப்பாக இருக்கிறது. கொலை செய்யக்கூடிய அத்தனைபேரும் இங்கே இருக்கிறார்கள். மேலும் இவர்கள் கருத்துச் சுதந்திரம் எந்த வகையிலும் குறைக்கப்படவில்லை. கருத்து சொன்னவர்களை நாங்கள் தொடுவதே இல்லை. சொல்லப்பட்டவர்களை மட்டும்தான்.”

விருந்தினர்கள் குறித்துக்கொண்டார்கள். கிழவி கம்பியருகே நகர்ந்து வந்தாள்.

“ஏன் டாக்டர், உங்கள யாரும் சொன்னதில்லையா?”

“ஒருவரும் இல்லை” என்றார் டாக்டர் லபீப், நெஞ்சை நிமிர்த்தி. “பெற்றவர்கள் சொன்னதில்லை. மனைவி சொன்னதில்லை. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பேசுவார்கள். ஒரு நாளும் சொன்னதில்லை. என் வாழ்க்கை அவ்வளவு தூய்மையானது.”

அடிபட்டுக் கிடந்தவர்கள்கூடத் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார்கள். “அட பாவமே” என்றாள் கிழவி. விளக்கு பச்சையாக எரிந்தது.

அப்போது வெளியே தெருவில் ஒரு குரல் எழுந்தது. விஸாலுடையது. கட்டுப்போட்ட விரல்களோடு ஆணையத்தின் மதிலருகே நின்று, தொண்டை கிழிய, “பாபா, என்னைப் புதைச்சிருங்க” என்று கத்தினாள். அவளை அடிக்கும் சத்தமும் கேட்டது. ஆனால் அதற்குள் கிழவியின் பேரன் வந்துவிட்டான்; புதுப் புருஷன், டீச்சரின் வகுப்பு, அந்தக் குழந்தையின் சித்திகள், அபூ ஃபவ்வாஸ் எல்லாரும் வந்துவிட்டார்கள். லத்தி விழ விழ ஒவ்வொருவரும் உள்ளே இருக்கும் தங்கள் ஆளின் பேரைச் சொல்லி, என்னைப் புதைச்சிரு, என்னைப் புதைச்சிரு என்று கத்தினார்கள். கட்டடத்தின் எல்லாச் சுவர்களிலும் விளக்குகள் சிவந்தன. யாரை முதலில் பிடிப்பது என்று தெரியாமல் காவலர்கள் படிகளில் மேலும் கீழும் ஓடினார்கள். இவர்கள் பிடிக்க வேண்டியவர்கள் எல்லாரும் ஏற்கெனவே உள்ளேதான் இருந்தார்கள். விருந்தினர்கள் குறிப்பேட்டை மூடிக்கொண்டு ஓடினார்கள்.

மகளின் குரல் கேட்டதும் மறுபடி வாயில் திணித்திருந்த கட்டுப்போட்ட முஷ்டியை ரஷாத் வெளியே எடுத்தார்.

டாக்டர் லபீப் மட்டும் போகவில்லை. ஸல்லூம் வந்து, பாதுகாப்பில்லை, மேலே வாருங்கள் என்று முழங்கையைப் பிடித்து இழுத்தார். கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டிவிட்டு, டாக்டர் லபீப் கம்பியருகே தலையைச் சாய்த்து நின்றார். வெளியே ஒவ்வொரு பேராக வந்துகொண்டிருந்தது. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும்போதெல்லாம் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இது தன் பேரா என்று காதுகொடுத்துக் கேட்டார்.